கடலா, மலையா?

கேள்வி: கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: ஏறக்குறைய 415 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறப்பு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 85 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸுக்கு நேர்கோடு தெரியாதே! கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்க நாலைந்து மணி நேரம். கடலைத் தாண்டுவது சுலபம், மலையை இறங்குவதுதான் பெரும்பாடு! 19ஆம் நூற்றாண்டில் நம் பூட்டன்மார் திருச்சிச் சீமையிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். அவர்களுக்கு நாள்கணக்கு, நமக்கு மணிக்கணக்கு. காலை விமானமென்றால் முதல்நாள் இரவே கிளம்பிவிடுங்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். அது விமானத்துக்கல்ல, பஸ்ஸுக்கு!