மருமவன் பெட்டி வாங்கும் படலம்

மருமவனே, பெட்டி வாங்கப் போறியாமே. உங்கம்மா நேத்து வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. "அண்ணே, நாலாயிரம் வெள்ளியாம். அதுல படமும் தெரியாதாம், பாட்டும் கேக்காதாம். குரலைப் புடிச்சு அமுக்குமாம். இந்த வீட்டுல அமுக்குறதுக்கு ஆளா இல்ல?"ன்னா. நான் ஆறுதல் சொன்னேன்: "ராஜேந்திர சோழன் 1025-ல கப்பல் கட்டிக்கிட்டு வந்து கடாரத்தைப் புடிச்சான். உன் மவன் கடாரத்துல குந்திக்கிட்டே அமெரிக்காக்காரன் பெட்டியைப் புடிக்கிறான். வம்சம் முன்னேறிடுச்சு தங்கச்சி." அவ சிரிக்கல.

எனக்கு என்னய்யா தெரியும். பீடோங் பக்கத்துக் கித்தாக் காட்டுல பால் வெட்டுன கை இது. கோயில் திருவிழா வந்தா மைக் செட்டு கட்டுவேன், குழலை மரத்துல ஏத்தி மாட்டுவேன், ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல குந்திக்கிட்டு முள்ளு ஆடுறதைப் பாத்துக்கிட்டிருப்பேன். அம்புட்டுத்தான். நீங்க ஹெட்போன் மாட்டுன புள்ளைங்க. உறுமி மேளக் குழு வச்சிருக்கீங்க, எல்லாரும் ஒரே நிறத்துல ஜிப்பா தைச்சிருக்கீங்க, தைப்பூசத்துக்குள்ள ஒரு முருகன் பாட்டைப் பதிஞ்சு விட்டுடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. பட்டர்வொர்த்துல எவனோ "கம்ப்ரசர் இல்லாமப் பதிஞ்சா குரல் நிக்காது"ன்னு ஓதிட்டானாம். அவன் என்ன யாவாரம் பண்றான்னு விசாரிச்சியா? கம்ப்ரசர்தான் விக்கிறான்னு உன் சிநேகிதன் சொல்றான்.

சரி, அது செய்யுற வேலையைப் பாப்போம். பாடுறவன் குரல் ஒரு வரம்பைத் தாண்டி ஏறுனா பெட்டி அதை இறக்கும். நாலுக்கு ஒண்ணுன்னு திருகி வச்சா, வரம்புக்கு மேல நாலு டெசிபல் ஏறுன குரல் ஒரு டெசிபல்தான் ஏறி வெளிய வரும். எவ்வளவு சீக்கிரம் புடிக்கணும், எவ்வளவு சீக்கிரம் விடணும், அதுக்கு ரெண்டு குமிழ். உச்சியை இறக்குனதுல பாட்டு மொத்தமும் சன்னமாயிடும், அதனால எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிவிடக் கடைசியா ஒரு குமிழ். இந்தக் கடைசிக் குமிழ்லதான் வில்லங்கமே இருக்கு. வரேன்.

பெட்டி இல்லாத காலத்துல நம்ம தோட்டத்துல இந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு நினைக்கிறே? பாடுறவங்களேதான். தீமிதிக்குப் பாட வர்ற ஒருத்தர் இருந்தாரு. தாலாட்டைத் தொடங்கும்போது உதடு மைக் வலையை உரசும். குரல் ஏற ஏற மைக் புடிச்ச கை தாடையிலருந்து நெஞ்சுக்கு இறங்கும். உச்சிக்குப் போறதுக்கு ஒரு நொடி முந்தியே முகம் இடது பக்கம் திரும்பிடும். கழுத்து நரம்பு புடைக்கிறது எனக்குத் தெரியும், ஆனா என் முள்ளு இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. அடி வரிக்குத் திரும்பும்போது மைக்கும் பழைய இடத்துக்கு வந்திருக்கும். அதுக்குக் கூலி ஒரு வேட்டி, ஒரு தட்டு பொங்கல். உங்க பாடகரு இருக்காரே, முதல் வரியிலருந்து கடைசி வரி வரைக்கும் மைக்கை முழுங்காத குறை. அவரை ஒரு சாண் தள்ளி நிக்கச் சொல்லு. "வேல் வேல்"னு கத்துற இடத்துல ரெண்டு சாண். நாலாயிரம் வெள்ளியில பாதி அங்கயே மிச்சம்.

அதுக்காகப் பெட்டியை நான் பழிக்க மாட்டேன். ஜிம் லாரன்ஸ்னு ஒரு அமெரிக்காக்காரரு. டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்கு ஒளியுணர் கருவி செஞ்ச அனுபவம் உள்ளவரு. ரேடியோவிலயும் வேலை பாத்தவரு, குரல் ஏறுறப்பல்லாம் கையால குமிழைத் திருகுற தொல்லை தெரிஞ்சவரு. ரெண்டையும் சேர்த்து 1960கள்ல டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏங்கிற பெட்டியைச் செஞ்சாரு. உள்ள ஒரு சின்ன ஒளித்தகடு, அதுக்கு எதிர ஒரு ஒளியுணரி. குரல் ஏறுனா தகடு பிரகாசமாகும், அதைப் பாத்து ஒளியுணரி சத்தத்தை இறக்கும். புடிக்க ஏறக்குறைய 10 மில்லிநொடி. விடுறதுல பாதி 60 மில்லிநொடியில முடிஞ்சிடும், மீதியை ஒண்ணுலருந்து பதினஞ்சு நொடி வரைக்கும் எடுத்துக்கிட்டு நிதானமா விடும். நீட்டி முழக்கிப் பாடுற குரலுக்கு அந்த நிதானம்தான் அழகு. வெளிய பெரிய குமிழ் ரெண்டே ரெண்டு. எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோ. ஏவுகணைக்கு உழைச்ச மூளை கடைசியில உங்க முருகன் பாட்டுக்கு உழைக்கப் போவுது, கொடுத்து வச்சவரு.

இன்னொரு ஜாதி 1176. பில் புட்னம்ங்கிறவரு 1967-ல கொண்டாந்தது, ட்ரான்சிஸ்டர் வேலை. புடிக்கிற வேகம் 20 மைக்ரோநொடி வரைக்கும் போகும். அதாவது ஒரு நொடியை அம்பதாயிரம் துண்டாக்கி அதுல ஒரு துண்டு. 2006-ல யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' விட்டாங்களே, அப்படிச் சொல்லு சொல்லா எறியுற பாட்டுக்கு இந்த வேகம் ஒத்துவரும். ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ: இதுல புடிக்கிற குமிழும் விடுற குமிழும் தலைகீழ், வலப்பக்கம் திருகத் திருக வேகம் கூடும். இது தெரியாம ராத்திரி பூரா எதிர்ப்பக்கம் திருகிட்டு "பெட்டி சரியில்ல"ன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போன வீரனுங்க உண்டு.

வெலைக்கு வருவோம். அசல் எல்ஏ-2ஏ இன்னைக்கு ஏறக்குறைய இருபதாயிரம் வெள்ளி. 2025-லருந்து நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. ஒரு வருசம் பசியாறாம, மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தாம உழைச்சா ஒரு பெட்டி கைக்கு வரும். அதனாலதான் நகல் கிளம்புச்சு. டெக்சாஸ்ல வார்ம் ஆடியோன்னு ஒரு கம்பெனி செய்யுது. நீ நாலாயிரம்னு சொன்னது அதுதான். கிளார்க் டெக்னிக்னு பழைய இங்கிலாந்துப் பேரு, இப்ப பெரிங்கரோட ஒரே குடும்பம். அவங்க நகல் அதுல பாதிக்கும் கீழ. ரெண்டுலயும் தாராளமா வேலை நடக்கும். அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் காதுல கேக்குதுன்னு உங்க குழுவுல எவனாவது சொன்னா, அவன் கண்ணைக் கட்டிட்டு ஒருக்கா கேக்கச் சொல்லு.

இப்ப நான் கேக்குறேன், வாங்கிட்டு வந்த பெட்டியை எங்க சொருகுவே? உன்கிட்ட இருக்கிறது கம்ப்யூட்டர்ல மாட்டுற சின்ன இன்டர்ஃபேஸ். மைக் அதுக்குள்ள நேராப் போவுது. அதுவே சத்தத்தை ஏத்தி, அதுவே எண்ணாக்கி, கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுது. நடுவுல பெட்டியை நுழைக்க ஓட்டை கிடையாது. எல்ஏ-2ஏ வகைக்கு மைக்ல வர்ற சத்தம் பத்தாது, ஏத்திக் குடுக்க ப்ரீஆம்ப்னு இன்னொரு பெட்டி வேணும். பெட்டிக்கு ஒரு பெட்டி, அதுக்கு ரெண்டு கேபிள். பட்டர்வொர்த்துக்காரன் இதைச் சொல்லலியா? சொல்வான். முதல் பெட்டிக்கு நீ காசு கட்டி வீட்டுக்குக் கொண்டு போன மறுநாள் சொல்வான். டிபிஎக்ஸ் 286எஸ்னு ஒண்ணு இருக்கு: ப்ரீஆம்பும் கம்ப்ரசரும், 'ஸ்' சீறுறதை அடக்குற வேலையும் ஒரே பெட்டிக்குள்ள, ஆயிரத்துச் சொச்சம். பாக்கப் பவுசா இருக்காது, பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா காட்டிக்க முடியாது. அவ்வளவுதான் அதுல குறை.

வில்லங்கம் புடிச்ச கடைசிக் குமிழுக்கு வந்துட்டேன். உச்சியை ஆறு டெசிபல் இறக்கி, மொத்தத்தையும் ஆறு டெசிபல் தூக்குறேன்னு வச்சுக்கோ. குரல் ஓய்ஞ்ச இடத்துல என்ன இருக்கோ அதுவும் ஆறு டெசிபல் ஏறும். அலை உயரத்துல அது ரெண்டு மடங்கு. சுங்கைப்பட்டாணி தாமான் வீட்டுல குரல் ஓய்ஞ்சா என்ன இருக்கும்? மேல காத்தாடி. பக்கத்து வீட்டு மோட்டார். சாக்கடைப் பூனை. சாயங்காலம் ரொட்டிக்காரர் ஹார்ன். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவுல ரொட்டிக்காரர் தெளிவா வருவாரு, நாலாயிரம் வெள்ளிக்கு. பொறவு மழை. செராய் மலைப் பக்கம் கறுத்துட்டா தகரக் கூரைக்குக் கீழ எந்தப் பெட்டியும் வேலைக்காகாது, கோப்பி குடிச்சிட்டுப் படுக்க வேண்டியதுதான். முதல்ல அந்த அறையைக் கவனி. பாடுறவர் முதுகுக்குப் பின்னால ஒரு பழைய மெத்தையை நிமுத்து. ரெண்டு பக்கமும் தடிமனான கம்பளி. காத்தாடியை நிறுத்து. வேர்க்கும். நாங்க வேர்வையிலதான் வளந்தோம்.

எவ்வளவு அமுக்கலாம்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச தொழில்ல வச்சுச் சொல்றேன். பால் வெட்டுறவன் உளி பட்டையிலதான் ஓடணும், மரத்தைத் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது உள்ள நிக்கணும். ஆசைப்பட்டு ஆழமா இழுத்தா அன்னைக்கு மங்கு நிறையும், மண்டோர் முதுகுல தட்டுவாரு. காயம் பட்ட எடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், பொறவு அந்தப் பக்கம் உளியே ஓடாது. பதியும்போது அமுக்குறதும் அதே கணக்குதான். அமுக்கிப் பதிஞ்ச குரலைத் திரும்ப நிமித்த முடியாது. கத்துற இடத்துல முள்ளு மூணு டெசிபல் இறங்கிட்டுத் திரும்பினா போதும். பத்து இறங்குனா பாடகருக்கு அன்னைக்கு ஜோராத்தான் இருக்கும், முதுகுலயும் தட்டுவாரு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா மூச்சு இழுக்குற சத்தமும் முருகன் பேரும் ஒரே உயரத்துல நிக்கும்.

இன்னொரு சங்கதி, இதை உன் சிநேகிதனுங்க காதுலயும் போடு. நாடாவுல பதிஞ்ச காலத்துல அடியில இரைச்சல், மேல போனா பிசிறு. நடுவுல குறுகலான பாதை, அதனால பதியும்போதே அமுக்க வேண்டிய கட்டாயம். இப்ப நீங்க 24 பிட்டுல பதியுறீங்க. உச்சிக்குப் பத்துப் பன்னெண்டு டெசிபல் எடம் விட்டுப் பதிஞ்சாலும் அடியில இரைச்சல் வராது. அமுக்குற வேலையைப் பொறவு கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாம், புடிக்கலன்னா அழிச்சுக்கலாம், அதுக்கான கம்ப்ரசர் உன் மென்பொருள்லயே சும்மா கெடக்கு. மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' 1982-ல வந்துச்சே, அதைப் பதிஞ்ச ப்ரூஸ் ஸ்வீடியன் கம்ப்ரசர் விஷயத்துல பெரிய கஞ்சன். அந்தப் பாட்டுல குரல் நிக்கலன்னு யாரும் புகார் சொன்னதாத் தெரியல. மேடைக்குன்னாலும் நீங்க வாடகைக்கு எடுக்குற எக்ஸ்32 மிக்சர்ல ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கம்ப்ரசர் உள்ளயே இருக்கு. அதைத் தொட்டுப் பாத்த ஆள் உங்க குழுவுல உண்டா?

அப்ப பெட்டிக்கு ஒரு நியாயமும் இல்லையான்னா, ஒண்ணு இருக்கு, மறைக்க மாட்டேன். பாடும்போதே ஹெட்போன்ல தன் குரல் பக்குவமா, ஏத்த இறக்கம் அடங்கி வந்தா, பாடுறவனுக்குத் தைரியம் வரும். மெல்லப் பாட வேண்டிய இடத்துல மெல்லப் பாடுவான். பொறவு சேர்க்குற மென்பொருளால அந்தத் தைரியத்தைக் குடுக்க முடியாது. வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் குரலுக்கு ஒரு கனம் குடுக்கும், அதுவும் நெசம்தான். ஆனா அது பதமான குரலுக்கு, பதமான அறையில.

இதுக்கு மேலயும் செகண்ட் ஹேண்ட்ல மலிவா வருதுன்னு ஓடுனா, பெட்டி முதுகைத் திருப்பிப் பாரு. ஜப்பான்ல 100 வோல்ட், அமெரிக்காவுல 120. நம்ம வீட்டு சொருகுல 230, 240 ஓடுது. மாத்துற சுவிட்ச் இல்லாத பெட்டியை மாட்டுனா ஒரே ஒரு தரம் பாடும், அதுவும் புகையோட.

என் முடிவு இதுதான்: இந்தத் தைப்பூசப் பாட்டைப் பெட்டி இல்லாமலே பதி. மெத்தையைக் கட்டு, பாடகரைத் தள்ளி நிறுத்து, கம்ப்யூட்டர்ல இருக்கிற கம்ப்ரசர்ல மூணு டெசிபலுக்கு மேல போகாம ஒரு மாசம் பழகு. அப்பவும் கை அரிச்சுதுன்னா 286எஸ் வாங்கு. எல்ஏ-2ஏ நகலை, குழுவுக்கு ரெண்டு கல்யாணம், ஒரு கோயில் அச்சாரம் வந்த பிறகு யோசி.