ஆற்றில் போட்டு, குளத்தில் தேடி

விருத்தாசலத்தில் சுந்தரர் செய்த காரியத்தை இன்று நீங்கள் செய்தால், வீட்டுக்காரர்கள் நேராக டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். சிவபெருமானைப் பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார் மனுஷர். வாங்கிய கையோடு அவ்வளவையும் மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கோயில் குளத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று சாமியே சொல்லியிருந்தாராம். ஜி-பே வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நடந்த ஃபண்ட் டிரான்ஸ்ஃபர். அதிலும், பணம் வந்து சேர்ந்ததும் பொன்னின் மாற்றுக் குறைகிறது என்று ஒரு கம்ப்ளெயிண்ட் வேறு!

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு, அதே தண்ணீருக்குக் கீழ்ப்பக்கம். மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கும். வெள்ளாறு எங்கள் அணைக்கட்டில் வந்து முட்டும். பன்னிரண்டாயிரத்தில் ஒன்றிரண்டாவது வழி தவறி வந்திருக்காதா என்று பள்ளிக்கூட நாளில் நான் அங்கே தேடியிருக்கிறேன். கிடைத்தது கெண்டைக் குஞ்சும், அப்பாவிடம் அடியும்.

‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்று பைத்தியக்காரத்தனத்துக்குப் பழமொழி சொல்கிறோம் இல்லையா? அந்தப் பழமொழியைத் தொழிலாகவே செய்த ஒரு கூட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களுக்குச் சிற்றிதழ்காரர்கள் என்று பெயர். சுந்தரருக்காவது சாமி காரண்டி கொடுத்தார். இவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கூடக் காரண்டி கொடுக்கவில்லை.

முதலில் ஒரு பெயர்ப் பொருத்தம். விருத்தாசலம் என்றால் பழைய மலை. ஊரின் பழைய பெயரே முதுகுன்றம்தான். எங்கள் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் ஒரு தாசில்தார் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். சொ. விருத்தாசலம். அந்தக் குழந்தை வளர்ந்து கதை எழுத வந்ததும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? புதுமைப்பித்தன். ‘பழைய மலை’ தன்னைப் ‘புதுசுக்குப் பைத்தியம்’ என்று மாற்றிக்கொண்டது. கெஜட்டில் போடவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுதிக் குவித்த இடம் மணிக்கொடி. தமிழ் இலக்கியத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்க வேண்டும் என்பது மரபு. எழுந்து நின்றுவிட்டீர்களா? சரி, உட்காருங்கள். கதை அப்படியொன்றும் கம்பீரமாகப் போகாது.

1933 செப்டம்பரில் மூன்று பேர் சேர்ந்து வாரப் பத்திரிகையாக ஆரம்பித்தார்கள். ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம். மூவரும் சிங்கங்கள். ஒரு காட்டுக்கு மூன்று சிங்கம் என்றால் என்ன ஆகும்? ஒன்று கொழும்புக்கு வீரகேசரியை நடத்தப் போயிற்று. ஒன்று தினமணிக்குப் போயிற்று. ஒன்று பம்பாய்க்கே போயிற்று. காடு மட்டும் சென்னையில் தனியாக நின்றது.

அந்தக் காட்டுக்கு 1935-ல் காவலாக வந்தவர் வத்தலக்குண்டு பி.எஸ். ராமையா. வந்ததும் பத்திரிகையைச் சிறுகதைக்காக மட்டும் என்று மாற்றினார். அரசியல் கிடையாது, சினிமா கிடையாது, கதை, கதை, கதை மட்டும். இன்றைய பாஷையில் இதை நிஷ் மார்க்கெட் என்று சொல்லி முதலீட்டாளரிடம் பிபிடி காட்டலாம். அன்றைக்கு இதற்கு இருந்த ஒரே பெயர் நஷ்டம்.

மகாகவிகள் பட்டினி கிடந்த தேசத்தில் சிறுகதைக்காரர்கள் மட்டும் சாப்பிட்டுவிட முடியுமா? 1938-ல் ராமையா வெளியேற, அடுத்த வருஷத்தோடு மணிக்கொடி இறங்கியது. புதுமைப்பித்தன் தினமணிக்குப் போயிருந்தார், அப்புறம் சினிமாவுக்குப் போனார். ராமையாவும் சினிமாவுக்குப் போனார். இலக்கியத்தைக் காப்பாற்ற வந்தவர்களைக் கடைசியில் காப்பாற்றியது, அவர்கள் பக்கம் ஒதுக்க மறுத்த சினிமாதான்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பத்திரிகை சாவதில் இரண்டு ஜாதி உண்டு. பாரதியாரின் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் தன் எல்லைக்குள் அதை நுழையவிடாமல் தடுத்தான். 1910-ல் நின்றது. அது போர்க்களச் சாவு. சிலை வைக்கலாம். மணிக்கொடி வகைச் சாவு வேறு. இவற்றை அரசாங்கம் மூடவில்லை. ‘ஆஹா, என்ன அருமையான பத்திரிகை’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிப் படித்த ரசிகர்களே மூடினார்கள்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த ஓர் இளைஞர் இருந்தார். அவரும் வத்தலக்குண்டு. (அந்த ஊர்த் தண்ணீரை யாராவது லேபுக்கு அனுப்புங்கள், ஸார்.) மணிக்கொடியில் ‘ஸரஸாவின் பொம்மை’ என்று கதை எழுதியவர். இருபது வருஷம் யோசித்தார். மணிக்கொடி எப்படிச் செத்தது என்று அணு அணுவாக அவருக்குத் தெரியும். அதனால் என்ன செய்தார்? தானே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்.

சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரி. பத்திரிகையின் பெயர் ‘எழுத்து’. முதல் இதழிலேயே ஒரு சங்கல்பம்: இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிக்க மாட்டோம், கடைக்கு அனுப்ப மாட்டோம், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான்.

எப்பேர்ப்பட்ட தன்னம்பிக்கை பாருங்கள். ஊரே திரண்டு வந்து கதவை உடைத்துவிடப் போகிறது என்கிற மாதிரி வாசலில் கயிறு கட்டிக் காவல் போட்டார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. தமிழர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவர் இரண்டாயிரத்தைத் தாண்டாதே என்று கேட்டுக்கொண்டால், சில நூறிலேயே நின்றுவிடுவார்கள்.

‘எழுத்து’ ஆரம்பித்தது விமர்சனத்துக்காக. திருவாரூர்க் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒருவர் இருக்கிறார். சுந்தரர் கொண்டுவந்த பொன்னை உரசிப் பார்த்துத் தரம் சொன்னவர். தமிழ் இலக்கியத்துக்குத் தானே அந்தப் பிள்ளையார் என்று செல்லப்பா நினைத்தார். ஒவ்வொரு கதையையும் எடுத்து உரசு உரசு என்று உரசினார். உரசப்பட்டவர்கள் யாரும் சந்தாவைப் புதுப்பித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், நடுவில் இடம் நிரப்ப வந்த மாதிரி உள்ளே நுழைந்தது கவிதை. யாப்பில்லாமல், எதுகை மோனை இல்லாமல், இது கவிதையா என்று பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொண்ட சரக்கு. ந. பிச்சமூர்த்தி முன்னால் நடந்தார். பின்னால் சி. மணி, வைதீஸ்வரன், ‘பசுவய்யா’ என்ற பெயரில் சுந்தர ராமசாமி, திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்று ஒரு பட்டாளம். 1962-ல் ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பே வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பிள்ளையார் பிடிக்கப் போய்ப் புதுக்கவிதை ஆயிற்று. பண்டிதர்கள் மட்டும் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள்.

இதற்கெல்லாம் காசு? அங்கேதான் ஆறு வருகிறது. வீட்டு நகை போயிற்று என்பார்கள். சுந்தரராவது சாமி கொடுத்த பொன்னை ஆற்றில் போட்டார்; இவர் வீட்டுக்காரம்மா போட்டிருந்த பொன்னைப் போட்டார். அந்த அம்மாளுக்கு இலக்கிய வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். இதுவரை ஓர் அடிக்குறிப்புதான் கிடைத்திருக்கிறது.

பத்திரிகையோடு நின்றாரா? ‘எழுத்து பிரசுரம்’ என்று புத்தகமும் போட்டார். போட்ட புத்தகத்தை யார் விற்பது? கதர் வேட்டி சட்டையோடு தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகத் தானே போனார். எழுதியவர், பிழை திருத்தியவர், பதிப்பித்தவர், சேல்ஸ் மேனேஜர், டெலிவரி பாய், எல்லாம் ஒரே ஆள். இன்றைக்கு இதை ஸ்டார்ட்அப் என்று சொல்லி மேடையில் மைக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்குப் பேராசிரியர்கள் ஸ்டாஃப் ரூமின் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

கைச்செலவுக்குப் பொம்மை செய்தும் விற்றார். எங்கள் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையை அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி லாரியேற்றுவார்கள். பொம்மைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. மணிக்கொடியில் ஸரஸாவின் பொம்மையை எழுதியவருக்கு, கடைசியில் பொம்மை கொடுத்த காசை ஸரஸா கொடுக்கவில்லை.

மாத இதழ் காலாண்டிதழ் ஆனது. பத்திரிகை உலகில் இது ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருக்கிறோம் என்று சொல்கிற மாதிரி. 1970 ஜனவரியில் 119-வது இதழோடு ‘எழுத்து’ நின்றது.

இப்போதுதான் முக்கியமான கட்டம். ஊர் என்ன செய்தது?

நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? ரசிகர்கள் கூடி, ‘ஐயா, ஆளுக்குப் பத்து சந்தா பிடித்துத் தருகிறோம், நிறுத்தாதீர்கள்’ என்று கெஞ்சியிருக்க வேண்டும். தமிழ் மரபு அதுவல்ல. இங்கே ஒரு சிற்றிதழ் செத்தால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே இன்னொரு சிற்றிதழுக்குப் பெயர் யோசிப்பார்கள்.

ஜனவரியில் ‘எழுத்து’ நின்றதா? அக்டோபரில் சென்னையில் ஒரு வாலிபக் கூட்டம் புதுப் பத்திரிகை கொண்டுவந்தது. விரல் விட்டு எண்ணுங்கள். ஜனவரி முதல் அக்டோபர், நம்மூர்க் கணக்கில் சரியாகப் பத்து மாதம். சுகப்பிரசவம். ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி என்று கையும் வாயும் சும்மா இருக்காத பையன்கள். பத்திரிகையின் பெயர் ‘கசடதபற’. எழுத்து போயிற்று, வல்லின எழுத்து ஆறும் பிழைத்துக்கொண்டன.

இது புது வியாதியும் இல்லை. மணிக்கொடி ஓய்ந்த 1939-லேயே க.நா. சுப்ரமண்யம் ‘சூறாவளி’ ஆரம்பித்தார். பெயருக்கேற்ற மாதிரி சீக்கிரமே கரையைக் கடந்தது. பாடம் கற்றுக்கொண்டாரா? ‘சந்திரோதயம்’ என்றார். சந்திரனும் தேய்ந்தது. ‘எழுத்து’ உயிரோடு இருக்கும்போதே ‘இலக்கிய வட்டம்’ போட்டார். ஒருவரே மூன்று முறை ஆற்றில் இறங்கினால் அவரை முட்டாள் என்பதா, பக்தர் என்பதா? எனக்குத் தெரிந்தவரை இரண்டும் ஒரே வேட்டிதான் கட்டும்.

மணிக்கொடிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் எதிர்க்கட்சி என்றால் ஆனந்த விகடனில் இருந்த கல்கி. பாரதி மகாகவியா இல்லையா என்பது வரைக்கும் சண்டை போட்டார்கள். அந்தக் கல்கி 1941-ல் தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அதில் வந்த பொன்னியின் செல்வனை எங்கே ஆரம்பித்தார்? எங்கள் ஊருக்குப் பக்கத்து வீராணம் ஏரியில், ஆடிப்பெருக்கன்று! புதுமைப்பித்தனைப் பெற்றது எங்கள் மாவட்டம். ஆனால் அணைக்கட்டிலோ ஏரிக்கரையிலோ யாரை நிறுத்திக் கேட்டாலும் வந்தியத்தேவனைத்தான் தெரியும் என்பார்கள். பெற்ற பிள்ளையைவிட, குதிரையில் வந்து போன விருந்தாளிக்கு மவுசு.

லட்சிய வெறியர்கள்தான் செத்தார்கள், சாமர்த்தியசாலிகள் பிழைத்தார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முக்கால் நூற்றாண்டு தாண்டி ஓடிய கல்கியும் 2020 கொரோனாவில் அச்சை நிறுத்தியது. உடனே ஊரெல்லாம் கண்ணீர். ‘என் பால்யமே போச்சு’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கடைசியாக எந்த வருஷம் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டால், ஸ்டேட்டஸ் மட்டும் டெலிட் ஆகும்.

சரி, ஆற்றில் போட்டது குளத்தில் வந்ததா?

வந்தது. அதுதான் வேடிக்கையே. கஞ்சிக்கு வழியில்லாமல் செத்த மணிக்கொடியின் கதையை ராமையா ‘மணிக்கொடி காலம்’ என்று எழுதினார். 1982-க்கான சாகித்ய அகாதெமி விருது அந்தப் புத்தகத்துக்கு. பத்திரிகையை நடத்தியதற்குக் கிடைக்காத பணம், அது எப்படிச் செத்தது என்று எழுதியதற்குக் கிடைத்தது. ஆறு சென்னையில், குளம் டெல்லியில்.

செல்லப்பாவுக்கும் வந்தது. விருது என்றாலே முகம் சுளிப்பவர் அவர். ‘விளக்கு’ அமைப்பின் விருதுத் தொகையைக்கூடக் கையில் வாங்காமல், புத்தகம் அச்சடிக்கத் திருப்பிவிட்டார். பணத்தைக் கண்டாலே கால் ஆற்றைத் தேடுகிற ஜாதகம். எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாக நாவலை 1997-ல் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். 2001-ல் அந்த நாவலுக்கு அகாதெமி விருது. சுந்தரர் உயிரோடு இருந்து பொன்னை எடுத்தார், மாற்றுக் குறைவு என்று சண்டையும் போட்டார். செல்லப்பாவும் இருந்திருந்தால் கட்டாயம் சண்டை போட்டிருப்பார். அந்தப் பயத்தில்தான் மூன்று வருஷம் காத்திருந்து கொடுத்தார்களோ என்னவோ!

அவருடைய ‘வாடிவாசல்’ இப்போது பதிப்பு பதிப்பாகப் போகிறது. வெற்றிமாறன், சூர்யா என்று படமாக அறிவித்தும் விட்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்ற மனுஷரின் சங்கல்பத்தை, ஜனங்கள் அவர் போன பிறகு இப்படிக் காலில் போட்டு மிதிக்கிறார்கள்.

இவ்வளவு நக்கல் அடிக்கிற எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். உண்டு. காலேஜ் நாளில் நாங்கள் நாலு பேர் ஒரு சிற்றிதழ் நடத்தினோம். பெயரைச் சொல்ல மாட்டேன், அவ்வளவு கனமான பெயர். விருத்தாசலத்தில் அச்சடித்து, சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் கட்டை இறக்குவோம். பதினேழு சந்தாதாரர்கள். அதில் பதினோரு பேர் எங்கள் சொந்தக்காரர்கள். ஆண்டுச் சந்தாவுக்குப் பன்னிரண்டு இதழ் தருவதாக வாக்கு. மூன்று வந்தது. மூன்றாவது இதழின் தலையங்கம், தமிழ்ச் சமூகத்தை மன்னிக்க முடியாது என்பது.

தமிழ்ச் சமூகம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரே ஒருத்தர் மட்டும் விடவில்லை. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஓர் அண்ணன், சொந்தக்காரர் அல்லாத ஆறு பேரில் ஒருவர். இருபது வருஷமாக என்னை எங்கே பார்த்தாலும் கேட்பார்: “தம்பி, மீதி ஒம்பது புக்கு எங்க?”

போன மாதம் அணைக்கட்டுப் பாலத்தருகே டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். இந்த முறை முந்திக்கொண்டு, பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். வட்டியும் முதலுமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, கணக்கை முடித்துவிடலாம் என்றேன். அவர் நோட்டை வாங்கி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மாற்றுரைத்த பிள்ளையாரேதான். பிறகு மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

“காசு கெடக்குது தம்பி. இதை அடுத்ததுக்குச் சந்தாவா வெச்சுக்க. பேரு யோசிச்சிட்டியா?”

யோசித்திருந்தேன்.