நட்பு கரை சேருமா?

கேள்வி: நண்பருடன் சின்னப் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்ற ஆசை. படகு கரை சேர்ந்துவிடும், நட்பு சேருமா?

பதில்: பிரெஞ்சுக்காரர்கள் எரிக் டி பிஷோப்பும் ஜோசப் டாடிபுவேயும் சேர்த்துக் காட்டினார்கள். 1935-ல் பட்டினியில் குற்றுயிராக அவர்கள் ஒதுங்கிய இடம் ஹவாயின் மொலோக்காய் தீவு. அதிலும் தொழுநோயாளர் குடியிருப்பான கலாவுபாபா! பிறகு வந்த புயலில் அவர்களின் சீனப் பாய்மரக் கப்பலும் உடைந்தது. மற்றவர்களாக இருந்தால், 'உன்னால்தான்' என்று ஆரம்பித்திருப்பார்கள்.

இவர்களோ வைகிகி கடற்கரையில் புதிதாக ஓர் இரட்டைப் படகு கட்டினார்கள். பெயர் 'கைமிலோவா'. 1937 மார்ச்சில் புறப்பட்டு, பாலித் தீவு, நன்னம்பிக்கை முனை வழியாக 1938 மே மாதம் பிரான்சின் கான் நகருக்கே வந்து சேர்ந்தார்கள்.

நண்பரே வேண்டாம் என்றால் ஜோஷுவா ஸ்லோகம் வழி இருக்கிறது. 1895 முதல் 1898 வரை தனியாகவே உலகைச் சுற்றியவர். அவருக்கும் துணை வாய்த்தது! அசோர்ஸ் தீவுகளில் கிடைத்த பிளம் பழத்தையும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் ஒரு பிடி பிடித்தவர், வயிற்றுவலியில் சுருண்டார். கண் விழித்தால், கொலம்பஸ் காலத்து மாலுமி சுக்கான் பிடித்து நிற்கிறார்! காய்ச்சலில் கண்ட காட்சிதான். ஆனால் சுக்கானில் ஆளில்லாமலேயே படகு இரவெல்லாம் திசை மாறாமல் போயிருந்தது.

நண்பருடன் படகோட்டிப் பழகக் கரீபியன் கடல் நல்லது. மார்டினிக் முதல் கிரெனடா வரை தீவுகள் வடக்கு தெற்காக வரிசை கட்டியிருக்கின்றன. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று பக்கவாட்டில் வந்து பாயை நிரப்பும். ஜூன் முதல் நவம்பர் வரை மட்டும் அங்கே சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் நட்பை ஊர்த் திண்ணையிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள்!