யாருடா அது?

மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்த ராத்திரியில் கரண்ட் போகக் கூடாது. போனது.

இருட்டுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர்: அம்மா, அக்கா, கோடை லீவுக்கு வந்திருந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், ஈசிசேரில் நான். பழைய மொபெட் ஒன்று ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாடையும் வந்தது.

"யாருடா அது?" என்றாள் அக்கா.

யாருமில்லை. வாரிசில்லாத சொத்து என்றால் பங்கு கேட்க ஊரே வரும். இதற்கு ஒருவரும் வரவில்லை.

"எல்லாம் வாயு" என்றாள் அம்மா, தீர்ப்பு போல.

அஞ்சாவது படிக்கும் சின்னவள் விடவில்லை. "எங்க சயின்ஸ் புக்குலயும் வாயுன்னு போட்டிருக்கு பாட்டி. அதுவும் இதுவும் ஒண்ணா?"

"மாமாவைக் கேளு. மூணு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சான். படிச்ச களைப்புல உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திரிக்கல."

வேறு வழியில்லாமல் வகுப்பை ஆரம்பித்தேன். மொச்சையில் சில வகைச் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கச் சிறுகுடலுக்குத் தெரியாது. "நமக்கெதுக்கு வம்பு" என்று பெருங்குடலுக்குத் தள்ளிவிடும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியா இலை போட்டுக் காத்திருக்கின்றன. அவை தின்று தீர்த்துவிட்டு ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுக்களை விடுகின்றன. சாப்பிடும்போது விழுங்கிய காற்றிலிருந்து நைட்ரஜனும் சேர்ந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் எதற்குமே வாடை கிடையாது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கந்தகச் சரக்குதான் மொத்தக் கூட்டத்தின் பேரையும் கெடுக்கிறது.

"அப்ப சத்தம் வேற, நாத்தம் வேறயா?" என்றான் பெரியவன்.

"வேறதான்."

"அப்படின்னா நான் சத்தம் மட்டும்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். போலீஸ் விசாரணையில் வராத வாக்குமூலம் அறிவியலில் வந்துவிட்டது.

கந்தகத்தை ரொம்பவும் திட்டக் கூடாது. அடுப்படியில் நிற்கும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். அவற்றுக்குச் சொந்த வாடை இல்லை. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கைத் துளி கலக்கிறார்கள். நாம் 'கேஸ் வாடை' என்று சொல்வது கேஸின் வாடையே அல்ல, அதற்குப் போட்ட காவல்காரனின் வாடை. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும்.

அம்மா வாயு பிடிக்காமலிருக்கக் குழம்பில் போட்ட பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். முள்ளை முள்ளால் எடுப்பது போல.

"சரி, புக்குல இருக்கிற காத்து?" என்றாள் சின்னவள்.

பத்தாயிரம் பேர் வந்த கல்யாணம் என்று வைத்துக்கொள் என்றேன். சுமார் 7,800 பேர் நைட்ரஜன். மூச்சோடு உள்ளே வருவார்கள், வந்த மாதிரியே திரும்புவார்கள். மொய்யும் இல்லை, பந்தியும் இல்லை. 2,100 பேர் ஆக்சிஜன். கோட்டை அடுப்பு எரிவதும், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உயிரோடு இருப்பதும் இவர்களால்தான். கார்பன் டை ஆக்சைடு வெறும் நாலே பேர். அந்த நாலு பேர் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துப் பந்தலையே புழுங்க வைக்கிறார்கள்.

"கணக்கு இடிக்குதே. மிச்சம் பேர்?"

"ஆர்கான், 93 பேர். 1894-ல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்தார்கள். எதோடும் சேராது, எரியாது, எரிக்காது. அதனால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பேர் வைத்துவிட்டார்கள்."

இருட்டிலும் எல்லார் முகமும் ஈசிசேர் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது.

"மாமாதான் ஆர்கான்!"

எனக்கு ரோஷம் வந்தது. "குண்டு பல்புக்குள்ளே ஆக்சிஜன் இருந்தா டங்ஸ்டன் கம்பி நொடியில எரிஞ்சு போயிடும். ஆர்கான் உள்ளே சும்மா இருக்கிறதாலதான் விளக்கே எரியுது. சும்மா இருக்கிறதும் ஒரு வேலை!"

"அந்தப் பல்பையெல்லாம் கழட்டிட்டு எல்இடி போட்டு அஞ்சு வருஷமாச்சு" என்றாள் அக்கா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் வந்தது. சின்னவள் என் ஈசிசேருக்குப் பக்கத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மாமா, ஆர்கானுக்கு வாடை உண்டா?"

"துளிகூடக் கிடையாது."

"அப்ப நீங்க ஆர்கான் இல்ல."