இமாம்பசந்தின் சந்நிதியில்

காப்பியில் சர்க்கரை சேர்ப்பதை மகாபாதகமெனக் கருதி, அந்த வைராக்கியத்தைக் காண்போரிடமெல்லாம் பிரஸ்தாபிக்கும் நமது நீரிழிவு நண்பர்கள், சித்திரை பிறந்து மாம்பழம் வந்ததும் இமாம்பசந்தின் சந்நிதியில் சகல விரதங்களையும் துறந்து, 'இது இயற்கை அளித்த இனிப்பாயிற்றே' என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொண்டு, மூன்றாவது பழத்தையும் கொட்டை வெளுக்கும்வரை சப்புவார்கள். மாம்பழச் சதையில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை உண்டென்னும் கணக்கை, அடுத்த வாரத்து இரத்தப் பரிசோதனைச் சீட்டு சாவகாசமாகத் தெரிவிக்கும். வாழைப்பழமோ பரம சாது. ஆயினும் சிறுநீரகம் தளர்ந்தவர் அளவு மீறினால், வெளியேறாது தங்கும் பொட்டாசியம் இருதயத்தின் தாளத்தையே குலைத்துவிடக்கூடும். பலாவைப் பற்றி வயிறே பிரசங்கம் செய்யும். இரண்டு துண்டோடு எழுந்துவிடுங்கள், ஐயா. மிச்சத்தை வீட்டுக் குழந்தைகள் கவனித்துக்கொள்வார்கள்.