அச்சுக்கோத்தவர் வைத்த பெயர்

பெயருக்கு அர்த்தம் கேட்காமல் விடமாட்டார் எங்கள் அத்தை. லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடனே எனக்கு போன்.

"பேரு இமோஜியாம்டா. செல்போன்ல சிரிக்குமே, அதையா புள்ளைக்கு வெப்பாங்க?"

"இமோஜி இல்லத்தை, இமோஜன்."

"சரி, அர்த்தம் என்ன?"

நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்ததால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும் ஒரே பயன், இப்படிக் கேட்க ஓர் ஆள்.

இந்தப் பெயரை வைத்தது தாயுமல்ல, தகப்பனுமல்ல. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகத்து இளவரசிதான் இமோஜன். 1616இல் அவர் இறந்து, 1623இல் நாடகங்களைத் தொகுத்துப் பெரிய புத்தகமாகப் போட்டார்கள். அதில்தான் இமோஜன் என்று இருக்கிறது. புரூஃப் காட்ட ஆசிரியர் உயிரோடு இல்லை. ஆனால் 1611இல் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிடர், அவள் பெயரை இன்னோஜன் என்று குறித்துவைத்திருக்கிறார். கையெழுத்தில் 'என்' எழுத்துக்கு இரண்டு கால், 'எம்'முக்கு மூன்று. இரண்டு 'என்' சேர்ந்தால் நான்கு கால். அதில் ஒன்றை அச்சுக்கோத்தவர் விழுங்கிவிட்டார் போலும்.

1600இல் அச்சான 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தின் மேடைக் குறிப்பிலும் ஓர் இன்னோஜன் வருகிறாள், லியோனாட்டோவின் மனைவியாக. வருகிறாளே தவிர, கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அவளை நீக்கியே விட்டார்கள். சரியாக அச்சானவள் காணாமல் போனாள், பிழையானவள் பிழைத்துக்கொண்டாள்.

இன்னோஜனுக்கு மூலம், பெண் என்று பொருள்படும் கெய்லிக் சொல் என்பார்கள். அத்தையிடம் சொன்னேன்.

"பொண்ணுக்குப் பொண்ணுன்னே பேரா? வேற எதுவுமே தோணலையாமா?"

அத்தையைப் பெற்ற எங்கள் பாட்டியின் பெயர் சின்னப்பொண்ணு. தொண்ணூறு வயதிலும் சின்னப்பொண்ணாகவே இருந்து கண்மூடியவர். அதை நான் நினைவூட்டவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை. வெசெக்ஸ் அரச வம்சத்தை நிறுவியவன் செர்டிக். வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ' நாவலில் அந்தப் பெயரை எழுத்து மாற்றி செட்ரிக் ஆக்கிவிட்டார் என்கிறார்கள். 1886இல் வந்த 'லிட்டில் லார்ட் ஃபாண்டில்ராய்' கதையின் பொடியனுக்கும் அதே பெயர் வைக்க, ஊரெங்கும் செட்ரிக்குகள். செர்டிக்கைச் சீந்துவாரில்லை.

1986இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பாசிரியர்கள் துணிந்து, 'சிம்பலின்' நாயகியை மறுபடி இன்னோஜன் ஆக்கினார்கள். அதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன் மகளின் பெயரைத் திருத்த ஓடியதாகத் தெரியவில்லை. ஓடவும் வேண்டாம். எழுத்துப்பிழை ஷேக்ஸ்பியர் புத்தகத்தில் நேர்ந்தால் நானூறு வருடம் பிள்ளைகளுக்குப் பெயராகும். ரேஷன் கார்டில் நேர்ந்தால்தான் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வரிசையில் நிற்க வேண்டும்.