கேள்வி-பதில்: வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டவர்

கே: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறதே, யார் செய்த புண்ணியம்?
(கல்லூரி மாணவர், கீழ்பென்னாத்தூர்)

ப: ஊர் கூடி இழுத்த தேர், தம்பி. வடம் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் எம்.எஸ். அனந்த். சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, ஃபுளோரிடாவில் முனைவர் பட்டம் வாங்கி, 1972-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர். 2001 முதல் 2011 வரை அதன் இயக்குநர். தொண்ணூறுகளின் கடைசியில் பொறியியல் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. கட்டடம் சீக்கிரம் எழும்பிவிடும். நல்ல ஆசிரியர் உருவாக வருஷக்கணக்கில் ஆகுமே! அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மத்திய அரசின் நிதியில் 2003-ல் என்.பி.டி.இ.எல். என்ற வீடியோ பாடத் திட்டம் பிறந்தது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கைகோத்தன. யூடியூப் வந்ததே 2005-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், அவர்களின் துணிச்சல் புரியும்.

கே: பெரிய பதவிக்குப் போனவர்கள் பாடம் நடத்துவார்களா?
(வாசகி, அவலூர்பேட்டை)

ப: அனந்த் நடத்தினார். வேதிப் பொறியியல் வெப்ப இயக்கவியல் பற்றிய அவருடைய விரிவுரைகள் அதே என்.பி.டி.இ.எல். தொகுப்பில் இருக்கின்றன. மற்றவர்களைக் கேமரா முன்னால் நிற்கச் சொன்னவர், தானும் நின்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

கே: வீடியோ இருக்கும்போது வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும்?
(மாணவி, வேட்டவலம்)

ப: நீங்கள் திருதிருவென்று விழிப்பது வீடியோவுக்குத் தெரியாது. உங்கள் ஆசிரியருக்குத் தெரியும்.

கே: படிக்க எவ்வளவு செலவாகும்? சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?
(மாணவர், திருவண்ணாமலை)

ப: என்.பி.டி.இ.எல். படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வாராவாரம் தரும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். வீட்டில் உட்கார்ந்து யாரையாவது எழுதவைக்க முடியாது; மதிப்பு அதனால்தான். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்.பி.டி.இ.எல். பாடங்களும் வரும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம்.

கே: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதவில்லை. ஐ.ஐ.டி. ஆசையை விட்டுவிடச் சொல்லட்டுமா?
(விவசாயி, சோமாசிபாடி)

ப: சொல்லாதீர்கள் ஐயா! சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைப்பார்கள். தெரியாததைக் கேட்டு வடிகட்டாமல், கற்றுக்கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். நம் கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான வாசல் எது? உள்ளூர்க் கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் பாடம் கடினம். வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைத்து, அவளுக்கு நேரம் கொடுங்கள்.

கே: எங்கள் பக்கம் சிக்னலே இல்லை. ஆங்கிலமும் தகராறு.
(மாணவர், கீழ்பென்னாத்தூர் அருகே)

ப: சிக்னல் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு வீட்டில் பாருங்கள். ஸ்வயம் பிரபா என்ற கல்வி டி.வி. சேனல்கள் டிஷ் வழியாகவே வருகின்றன. பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. முதல் வாரம் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள், காது பழகிவிடும்.

கே: இதெல்லாம் வந்தால் எங்கள் வேலை என்ன ஆகும்?
(கல்லூரி ஆசிரியர்)

ப: பழைய நோட்ஸைப் படித்துக்காட்டும் வேலை போகும், போகட்டும். சந்தேகம் தீர்ப்பது, கணக்கில் தடுக்கும் இடத்தைக் காட்டுவது, பாதியில் விட நினைப்பவரை இழுத்துவருவது எல்லாம் உங்கள் கையில்தான். கல்லூரிகள் என்.பி.டி.இ.எல். உள்ளூர்க் கிளையாகப் பதிந்துகொள்ளலாம். உங்கள் கல்லூரி பதிந்திருக்கிறதா என்று முதல்வரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பதியச் சொல்லி, வழிகாட்டி ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயரை முதலில் கொடுங்கள்.